ஒரே மூச்சில் வேட்டை: பஹாமாஸ் ஏன் ஈட்டித் துப்பாக்கியை ஒதுக்கியது

மயாமியிலிருந்து பிமினி தீவுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். வேகமான படகு வைத்திருப்பவர் விடிகாலையில் கிளம்பினால் காலைச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். ஃபுளோரிடாக்காரர்கள் பலர் வார இறுதியில் அப்படித்தான் போய்வருகிறார்கள். புறப்படும்போது படகில் இருக்கும் இரண்டு சாமான்கள்தான் வினை: விசையை அழுத்தினால் சீறிப் பாயும் ஈட்டித் துப்பாக்கி, தண்ணீருக்கடியில் மூச்சுவிட முதுகில் மாட்டிக்கொள்ளும் ஸ்கூபா காற்றுச் சிலிண்டர். ஃபுளோரிடாவில் இரண்டையும் கடையில் வாங்கலாம், விதிகளுக்கு உட்பட்டு மீன்பிடிக்கவும் பயன்படுத்தலாம். இடையில் ஓடும் வளைகுடா நீரோட்டத்தைத் தாண்டி பஹாமாஸ் எல்லைக்குள் நுழைந்ததும், அவற்றைக் கொண்டு ஒரு மீனைக் குத்தினால் குற்றம்.

கறாராகச் சொன்னால் பஹாமாஸ் கரீபியன் கடலில் இல்லை, அட்லாண்டிக்கில் இருக்கிறது. ஆனால் வரலாறும் அரசியலும் சாப்பாடும் எல்லாம் கரீபியன்தான், கரீபியன் நாடுகளின் கூட்டமைப்பிலும் உறுப்பினர். சுமார் 700 தீவுகள், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சின்னச் சின்னத் திட்டுகள், மொத்த மக்கள்தொகை நான்கு லட்சம். சென்னையின் ஓரிரு பகுதிகளில் அடங்கிவிடும் கூட்டம், கையில் இருப்பதோ ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சதுர கிலோமீட்டர் கடல். அந்த நாட்டின் மீன்பிடிச் சட்டத்தைப் படிக்கும்போது இந்தக் கணக்கை மறக்கக் கூடாது. ஒவ்வொரு படகுக்கும் ஒரு அதிகாரியை அனுப்ப அவர்களால் முடியாது. ஆகவே வேட்டைக்காரனின் கையிலிருக்கும் கருவியிலேயே கட்டுப்பாட்டை வைத்துவிட்டார்கள் என்றுதான் நான் அந்தச் சட்டத்தைப் புரிந்துகொள்கிறேன்.

விதி இதுதான். தண்ணீருக்கடியில் எறிபொருளை ஏவ, ரப்பரைக் கையால் இழுத்து விடும் ஹவாயியன் ஸ்லிங் தவிர வேறு கருவி கூடாது. கைக்கம்பு போன்ற ‘போல் ஸ்பியர்’ என்ற எளிய ஈட்டியும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. மீனைக் குத்தும்போது ஸ்கூபா கூடாது. ஸ்நார்க்கல் குழாய், முகமூடி, துடுப்புக்காலணி, அப்புறம் உங்கள் நுரையீரல், அவ்வளவுதான். இடத்துக்கும் எல்லை உண்டு. தலைநகர் நசாவு இருக்கும் நியூ பிராவிடன்ஸ் தீவைச் சுற்றி ஒரு மைலுக்குள்ளும், கிராண்ட் பஹாமா தீவில் ஃப்ரீபோர்ட்டின் தென்கரையிலிருந்து ஒரு மைலுக்குள்ளும், மற்ற தீவுகளின் கரையிலிருந்து 200 கெஜத்துக்குள்ளும் ஈட்டியைத் தொடக் கூடாது. கரையோரம் நீந்தும் சுற்றுலாப் பயணிக்கும் பாதுகாப்பு, கரையோரப் பாரில், அதாவது கடலடிப் பவளத் திட்டில், வளரும் குஞ்சு மீனுக்கும் பாதுகாப்பு.

ஹவாயியன் ஸ்லிங் எப்படி இருக்கும்? நம் ஊர் உண்டிவில்லையும் வில்லம்பையும் சேர்த்துப் பிசைந்தது மாதிரி. ஒரு சாண் நீளக் கட்டை, அதன் நடுவே துளை, பின்னால் ரப்பர் குழாய் வளையம். துளை வழியாக இரும்புக் கம்பியைச் செருகி, ரப்பரை மோவாய் வரை இழுத்து விட வேண்டும். விசை கிடையாது, பூட்டு கிடையாது. எவ்வளவு நேரம் இழுத்துப் பிடித்திருக்கிறீர்களோ அவ்வளவு நேரம் கை நடுங்கும். கம்பியில் கயிறும் இல்லை. குறி தப்பினால் போய் எடுத்து வர வேண்டும், குறி தப்பாவிட்டாலும் சில சமயம் மீன் கம்பியோடு பொந்துக்குள் ஓடிவிடும், துரத்திக்கொண்டு போக வேண்டும். இதெல்லாம் ஒரே மூச்சில். இரத்த வாடைக்கு வரும் சுறா தனிக் கணக்கு. இரண்டு மூன்று மீட்டர் நெருங்கினால்தான் நம்பி விடலாம். ஈட்டித் துப்பாக்கிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. விசையைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருக்கலாம், தூரத்திலிருந்தே சுடலாம், கயிற்றை இழுத்தால் மீன் கைக்கு வந்துவிடும்.

இந்த வித்தியாசத்தில் மீனுக்குக் கிடைப்பது இரண்டு அடைக்கலங்கள். ஒன்று தூரம், இன்னொன்று ஆழம். பாரில் வாழும் கலவா மீன் ஓர் ஆர்வக்கோளாறு. புதிதாக ஏதாவது வந்தால் பொந்திலிருந்து தலையை நீட்டிப் பார்க்கும். துப்பாக்கிக்காரனுக்கு அது போதும். ஸ்லிங்காரனோ இன்னும் நெருங்க வேண்டும், அதற்குள் மீன் பின்வாங்கிவிட வாய்ப்பு உண்டு. ஆழத்தைப் பார்த்தால், தம் கட்டி மூழ்குபவர்களில் பெரும்பாலோர் பத்து பதினைந்து மீட்டரில் வேலையை முடித்துக்கொள்வார்கள். அதற்குக் கீழே, பாரின் சரிவில் வாழும் பெரிய தாய்மீன்களை எட்டவே முடியாது. ஸ்கூபாவை அனுமதித்தால் அந்தக் கதவு திறந்துவிடும். பெரிய மீன்தான் அதிக முட்டையிடும் என்பதால் அங்கேதான் இனத்தின் சேமிப்பே இருக்கிறது.

‘அப்படியென்றால் பிடிக்கும் மீனுக்கு அளவு வைத்தால் போதாதா, கருவியை ஏன் கட்டுப்படுத்த வேண்டும்?’ என்று கேட்கலாம். அளவும் வைத்திருக்கிறார்கள். கலவா மூன்று பவுண்டுக்குக் குறையக் கூடாது. ஆனால் தூண்டிலுக்கும் ஈட்டிக்கும் இங்கேதான் பெரிய வேறுபாடு. தூண்டிலில் சின்ன மீன் மாட்டினால் கழற்றி விட்டுவிடலாம். ஈட்டி வாங்கிய மீனைத் திருப்பி அனுப்ப முடியாது. எடை போடுவது கரையில், முடிவெடுப்பது தண்ணீருக்குள். அதிலும் முகமூடிக் கண்ணாடி வழியாகப் பார்க்கும்போது ஒளிவிலகலால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், கால் பங்கு அருகிலும் தெரியும். இரண்டே கால் பவுண்டு மீன் மூன்று பவுண்டுக்கு மேல் போலக் கண்ணைக் கட்டும். அனுபவசாலி கண்ணைப் பழக்கிக்கொள்வார். வார இறுதிக்கு வந்தவர் குத்திவிட்டு, மேலே வந்து தராசைப் பார்த்து விழிப்பார்.

சட்டத்தின் வேர் 1970-களில் இருக்கிறது. 1973 ஜூலை 10-இல் விடுதலை பெற்ற நாடு, 1975-இல் ஒரு சுவாரசியமான அறிவிப்பைச் செய்தது: சிங்கி இறால் கண்டத்திட்டின், அதாவது கரையை ஒட்டிய ஆழமற்ற கடல்தரையின், உயிரினம். ஏதோ உயிரியல் பாடம் போலத் தோன்றும், உண்மையில் அது எல்லைக்கோடு. அந்தக் காலச் சர்வதேச விதிப்படி, கரையோரக் கடலுக்கு வெளியே நீந்தித் திரியும் மீன் யாருக்கும் சொந்தமில்லை, கடல்தரையோடு ஒட்டி வாழும் உயிர் அந்தத் தரைக்குரிய நாட்டுக்குச் சொந்தம். இறால் நீந்துகிறதா, நடக்கிறதா என்ற கேள்விக்குப் பஹாமாஸ் ‘நடக்கிறது’ என்று பதில் சொல்லியது. அதோடு மயாமியிலிருந்து வந்து பொறி வைத்துக்கொண்டிருந்த கியூப வம்சாவளி மீனவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். அதன்பின் 1977-இல் மீன்வளச் சட்டம், 1986-இல் விரிவான விதிமுறைகள், 2020-இல் புதிய மீன்வளச் சட்டம். வணிக மீன்பிடிப்பு முழுக்க நாட்டவருக்கே உரியது. வெளிநாட்டுப் படகுக்கு விளையாட்டு மீன்பிடிப்பு மட்டும், அதுவும் அனுமதிச்சீட்டோடு.

இந்த எல்லைக்கோட்டுக்கு உயிர்ப்பலியும் உண்டு. 1980 மே 10 அன்று ‘ஃபிளமிங்கோ’ என்ற பஹாமாஸ் ரோந்துப் படகு, நாட்டின் தென்கோடியில் திருட்டுத்தனமாக மீன்பிடித்த இரண்டு கியூபப் படகுகளைப் பிடித்தது. கியூபாவின் மிக் போர் விமானங்கள் வந்து ரோந்துப் படகைச் சுட்டு மூழ்கடித்தன. நான்கு வீரர்கள் இறந்தார்கள். கியூபா பின்னர் மன்னிப்புக் கேட்டு இழப்பீடும் தந்தது.

சரி, கருவிக் கட்டுப்பாடு அவ்வளவு கச்சிதம் என்றால் ஓட்டை எங்கே? கம்ப்ரஸரில். படகில் ஒரு காற்றழுத்தி ஓடும், அதிலிருந்து நீண்ட குழாய் கீழே இறங்கும், குழாயின் முனையைக் கடித்துக்கொண்டு மீனவர் கடல்தரையில் நடப்பார். ஸ்கூபாவைத் தடுத்த அதே சட்டம் இதை உள்ளூர்க்காரருக்கு அனுமதிக்கிறது. நிபந்தனைகள் உண்டு: உரிமம் வேண்டும், ஆகஸ்ட் 1 முதல் மார்ச் 31 வரை மட்டும், 30 அடியிலிருந்து 60 அடி ஆழத்துக்குள் மட்டும். காரணம் சிங்கி இறால். நாட்டின் மிகப் பெரிய கடலுணவு ஏற்றுமதி அதுதான். ஏப்ரல் 1 முதல் ஜூலை 31 வரை இறாலுக்குத் தடைக்காலம் என்பதால் கம்ப்ரஸருக்கும் அப்போது ஓய்வு. வயிற்றுப்பாட்டையும் ஏற்றுமதி வருமானத்தையும் பார்த்துச் செய்த சமரசம் இது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஆனால் ஆழம் என்ற அடைக்கலத்தை இந்தக் குழாய் பறித்துவிடுகிறது. 60 அடிக்குக் கீழே போகிறாரா என்று யார் பார்ப்பது? அதிக ஆழத்தில் அதிக நேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் நைட்ரஜன் குமிழி கட்டும். மூட்டு வலியில் தொடங்கிப் பக்கவாதம் வரை போகும். நிக்கராகுவா, ஹோண்டுராஸ் கரைகளில் இறாலுக்காக மூழ்கும் மிஸ்கிட்டோ பழங்குடியினரில் நடக்க முடியாமல் போன இளைஞர்கள் நிறையப் பேர்.

இறாலின் முதுகோட்டு நீளம் மூன்றே கால் அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது வால் ஐந்தரை அங்குலம். முட்டை தாங்கிய பெண் இறாலைத் தொடக் கூடாது. படகில் பிளீச்சிங் திரவம் வைத்திருப்பதற்கும் தடை உண்டு. முதலில் படிப்பவருக்குச் சிரிப்பு வரும், ஏதோ துணி துவைக்க எடுத்துப்போனால் என்ன என்று. பாரின் பொந்துக்குள் பிளீச்சைப் பீய்ச்சினால் மூச்சுத் திணறி இறால் வெளியே ஓடி வரும், அதற்காகத்தான் வைத்திருந்தார்கள். இறால் போனபின் அந்தப் பொந்தைச் சுற்றிய பவளம் செத்து வெளுத்துக் கிடக்கும். இப்போது பெரும்பாலோர் செய்வது வேறு. மரச்சட்டத்தின் மேல் தகரத்தை அடித்து, மணல்தரையில் போட்டுவிடுகிறார்கள். நிழலுக்கு ஒதுங்கும் இறால்கள் அடியில் வந்து சேரும். மீனவர்கள் இதற்கு வைத்த பெயர் ‘காண்டோ’, அதாவது அடுக்குமாடி வீடு. வாடகை வசூலிக்கும் நாளில் தகரத்தைத் தூக்கினால் போதும். அடுத்தவன் காண்டோவைத் தூக்கிவிட்டான் என்ற சண்டைக்கும் குறைவில்லை. 2018-இல் இந்த இறால் தொழில் எம்.எஸ்.சி. என்ற நீடித்த மீன்பிடிப்புக்கான சான்றிதழைப் பெற்றது.

கலவாவின் கதை இவ்வளவு நன்றாக இல்லை. நாட்டின் தலைநகர் பெயரையே தாங்கிய நசாவு கலவா, வளர்ந்து முட்டையிடவே நான்கு முதல் எட்டு ஆண்டுகள் ஆகும். ஆண்டு முழுக்கத் தனியாகத் திரியும் இந்த மீன், குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி மட்டும் கூட்டம் கூடுகிறது. நூறு கிலோமீட்டருக்கு மேல் நீந்தி வந்தவையும் உண்டு. பாரின் விளிம்பில் ஒரே இடம், ஆண்டுதோறும் அதே இடம். 1972-இல் சி. லாவெட் ஸ்மித் என்ற ஆய்வாளர் பிமினிக்கு அருகே கேட் கே பகுதியில் பார்த்த கூட்டத்தை 30,000 முதல் 1,00,000 வரை என மதிப்பிட்டு எழுதினார். சாதாரண நாளில் பழுப்புப் பட்டைகளோடு இருக்கும் மீன், அந்த நாட்களில் மேலே கறுப்பு கீழே வெள்ளை என்று நிறம் மாறி நிற்கும். கல்யாண மண்டபம் மாதிரி. அந்த மண்டபத்தின் முகவரி மீனவருக்குத் தெரிந்துவிட்டால் கதை முடிந்தது. ஓர் ஆண்டு முழுவதும் தேடிப் பிடிக்க வேண்டியதை ஒரு வாரத்தில் அள்ளிவிடலாம். கரீபியன் முழுவதும் அப்படிக் காலியான கூடுமிடங்கள் பல. 2018-இல் இந்த இனம் அழிவின் விளிம்பில் இருப்பதாக உலகப் பட்டியலில் வகைப்படுத்தப்பட்டது.

பஹாமாஸில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை நசாவு கலவாவைப் பிடிக்கத் தடை. ஆரம்பத்தில் இந்தத் தடையை ஆண்டுதோறும் புதிதாக அறிவிக்க வேண்டியிருந்தது. பருவம் தொடங்கியபின் அறிவிப்பு வந்தால் என்ன பயன்? பிறகு தேதி நிரந்தரமானது. ஆனால் தேதியும் எடையும் யாராவது பார்த்தால்தான் வேலை செய்யும். தோலுரித்துத் துண்டு போட்ட கலவாவையும் வேறு மீனையும் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அமெரிக்கா இதைப் புரிந்துகொண்டு, பஹாமாஸிலிருந்து படகில் வரும் கலவா, சங்கரா துண்டுகளில் தோல் இருக்க வேண்டும் என்கிறது. பிற நாட்டுச் சட்டத்தை மீறிப் பிடித்த மீனைக் கொண்டுவந்தால் அமெரிக்காவின் லேசி சட்டப்படி அங்கேயும் வழக்கு. அதாவது பிமினியில் துப்பாக்கியால் சுட்ட மீன் மயாமித் துறையில் மாட்டிவிடலாம்.

தடை பலன் தருமா என்பதற்குப் பக்கத்துக் கேமன் தீவுகளில் சான்று இருக்கிறது. லிட்டில் கேமனின் மேற்கு முனையில் 2001-இல் மீனவர் கண்ணில் பட்ட கூட்டத்தில் ஏறத்தாழ 7,000 மீன்கள். இரண்டே பருவத்தில் 4,000 போனது. 2003-இல் பிடிப்பு நிறுத்தப்பட்டது. பல ஆண்டுகள் ஒன்றும் நடக்கவில்லை, பொறுமை இழந்திருந்தால் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 2020-இல் வெளியான ஆய்வின்படி எண்ணிக்கை மூன்று மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

பஹாமாஸுக்குள்ளேயே எக்சுமா தீவுக்கோவையில் 1958-இல் நிலமும் கடலும் சேர்ந்த பூங்கா ஒன்று அமைந்தது. 1986 முதல் அதற்குள் எதையும் பிடிக்கக் கூடாது, ஒரு சங்கைக்கூட எடுக்கக் கூடாது. அங்கே செய்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. பவளத்தை மூடும் பாசியை மேய்ந்து சுத்தம் செய்வது முன்பு கறுப்புக் கடல் முள்ளெலிகளும் கிளிமீன்களும். 1983-இல் வந்த நோயில் கரீபியன் முழுவதும் முள்ளெலிகள் கூண்டோடு மாண்டன. மிச்சம் கிளிமீன் மட்டும். பூங்காவில் கலவா பெருகினால் அது கிளிமீனைத் தின்னுமே, அப்போது பாசி பெருகிப் பவளம் சாகாதா என்று ஓர் ஐயம். பீட்டர் மம்பியும் உடன் ஆய்வாளர்களும் 2006-இல் எழுதினார்கள்: சின்னக் கிளிமீன்களைக் கலவா தின்பது உண்மைதான், ஆனால் பெரிய இனக் கிளிமீன்கள் அதன் வாய்க்குள் நுழையாத அளவுக்கு வளர்ந்துவிடுகின்றன. மனிதன் பிடிக்காததால் அவை பெருகுகின்றன. மொத்த மேய்ச்சல் இரண்டு மடங்கு, பாசி நான்கில் ஒரு பங்கு. வேட்டையாடும் மீனைக் காப்பாற்றினால் பாசி மேய்வதும் காப்பாற்றப்படும் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

பூங்காவுக்கு வெளியே பெரிய தடைகள் சில சுலபமாகவே அமைந்தன. 1993-இல் ஏராளமான கொக்கிகளைக் கோத்த நீள்தூண்டிலுக்குத் தடை, 2009-இல் ஆமைத் தடை, 2011-இல் நாட்டின் கடல் முழுவதும் சுறாவுக்கு அடைக்கலம். சுறாவைப் பார்க்கவே பணம் கொடுத்து வருகிறார்கள் என்பதால் அதில் தயக்கம் இருந்திருக்காது.

ஈட்டிக்கு இன்னொரு திருப்பமும் வந்தது. இந்தோ-பசிபிக் கடலைச் சேர்ந்த சிங்கமீன், 2004 வாக்கில் பஹாமாஸில் தென்பட்டது. சின்னப் பவளத் திட்டுகளில் இதை விட்டுப் பார்த்த ஆய்வில், ஐந்தே வாரத்தில் புதிதாக வந்து சேரும் குஞ்சுமீன்கள் 79 சதவீதம் குறைந்தன. முள்ளில் நஞ்சு, தின்ன ஆளில்லை, தூண்டிலைச் சீண்டுவதும் அபூர்வம். ஈட்டியோடு போனால் மட்டும் அசையாமல் நிற்கும். ஈட்டி மீன்பிடிப்பையே அடியோடு தடுத்த பொனேர் தீவு, சிங்கமீனுக்கென்று தனிக் குட்டை ஈட்டியை அனுமதிக்க வேண்டியதாயிற்று. பஹாமாஸில் ஸ்லிங்காரர்கள் அதற்குப் போட்டிகளே நடத்துகிறார்கள்.

தெற்கே டொமினிக்கன் குடியரசிலிருந்து வரும் தாய்க்கப்பல்கள் இன்னொரு தலைவலி. ஒரு கப்பல், அதில் பத்து இருபது சின்னப் படகுகள், ஒவ்வொன்றிலும் கம்ப்ரஸர். கூட்டமாக இறங்கிப் பாரைத் துடைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களை விரட்டப் பாதுகாப்புப் படைதான் வேண்டும், அந்தப் படையிடம் இருப்பதோ சில கப்பல்கள். உள்ளூர் மீனவரிடம் ‘நீ மூன்று பவுண்டு பார்த்துக் குத்து’ என்று சொன்னால், ‘அவனை முதலில் நிறுத்து’ என்கிறார். அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

சங்கை விட்டுவிட்டுப் பஹாமாஸைப் பற்றி எழுத முடியாது. நாம் பூஜையில் வைக்கும் சங்கு வேறு இனம். இது ‘ராணிச் சங்கு’, உள்ளே இளஞ்சிவப்பு, நாட்டின் அரசுச் சின்னத்தின் உச்சியிலும் இதுதான். எலுமிச்சை, மிளகாய், தக்காளி, வெங்காயம் போட்டுப் பச்சையாகவே சாலட் செய்கிறார்கள். இதற்கு ஈட்டி வேண்டாம், தம் கட்டிக் குனிந்து எடுத்தால் போதும். ஓடவும் ஓடாது. ஒரு ஹெக்டேரில் ஐம்பதுக்கும் குறைவாகிவிட்டால் ஆணும் பெண்ணும் ஒன்றையொன்று சந்திப்பதே நின்றுவிடும் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விதி சொல்வது ஒன்றுதான்: உதடு நன்கு விரிந்திருக்க வேண்டும். சங்கு மூன்று நான்கு ஆண்டு வளர்ந்தபின்தான் ஓட்டின் விளிம்பு உதடு போல வெளியே விரியும். ஆனால் விரிந்தவுடன் அது முட்டையிடத் தயார் என்று அர்த்தமில்லை. அதற்கு அப்புறம்தான் உதடு தடிக்கத் தொடங்குகிறது, 15 மில்லிமீட்டர் தடித்தால்தான் முதிர்ச்சி என்பது ஆய்வாளர் கணக்கு. விரிவைக் கண் பார்க்கும், தடிப்பை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

நசாவில் பாராடைஸ் தீவுப் பாலத்தின் அடியில் பாட்டர்ஸ் கே என்ற துறை இருக்கிறது. வரிசையாகச் சங்கு சாலட் கடைகள். மீனவர் சுத்தியலால் ஓட்டின் முடிச்சருகே ஒரு துளை போட்டு, கத்தியை விட்டுத் தசையை அறுத்து, உருவி எடுத்துவிட்டு ஓட்டை எறிவார். தீவுகள் முழுக்கத் துறைகளின் ஓரம் அப்படிக் குவிந்து கிடக்கும் ஓடுகளை ஆய்வாளர்கள் எடுத்து அளக்கிறார்கள். பழைய குவியலின் அடியில் கிடப்பவற்றின் உதடு கட்டைவிரல் தடிமன். மேலே, புதிதாகத் துளை போட்டு எறிந்தவற்றில் பலவற்றின் உதட்டை வெயிலுக்கு நேரே பிடித்தால் வெளிச்சம் ஊடுருவும்.